ஈயக்குண்டு

முன்வரிசையில் வயலின் வாசிக்கிற பிள்ளையின் இசைத்தாளைக் காற்று தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது.

பின்னாலிருந்து கிளாரினெட்காரர் எழுந்து வந்தார். சட்டைப் பையில் நாலு ஈயக்குண்டு, வலையின் அடிக்கயிற்றில் கோக்கிறது. நூலில் இரண்டிரண்டாகக் கட்டி, தாளின் குறுக்கே தொங்கவிட்டார்.

தாள் அசையவில்லை.

"மாமா, மற்ற ஸ்டாண்டுக்கும் வேணுமே?"
"இருக்கு தாயி. வீடு முழுக்க அதுதானே கிடக்கு."

பாம்பனில் இன்று சாயங்காலம் இளவேனில் கச்சேரி. கல்லூரிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்த குழு. கிளாரினெட்காரர் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர், மாதா கோயில் திருவிழாக்களில் ஊதிப் பழகியவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அதனால்தான் ஒத்திகை ஒன்றையும் விடாமல் வர முடிந்தது.

பெரிய இசைக்குழுக்களில் சுருதி சேர்க்க ஓபோ என்கிற ஊதுகருவி 'ஏ' சுரம் கொடுக்கும், பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸ். இங்கே ஓபோ ஏது? இவர்தான் கொடுத்தார். நீளமாக, நடுங்காமல். அந்த ஒரு மூச்சுக்குப் பிள்ளைகள் எல்லாரும் தந்தியை முறுக்கினார்கள். அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த 61 நாளை வருமானம் நின்றுபோகும் நாட்கள் என்று மட்டும்தான் இதுவரை நினைத்திருந்தேன். கடலுக்குப் போகாத மனிதருக்குள் இவ்வளவு பாட்டு காத்துக்கிடக்கும் என்று யோசித்ததே இல்லை.

முடிந்ததும் குண்டுகளை எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது. அந்தப் பிள்ளை அதை வயலின் பெட்டிக்குள் வைத்திருந்தாள்.

"இருக்கட்டும் தாயி" என்றார்.