மாருதி 800 ஆஃப் ஆவது: கார்பரேட்டர் தப்பித்தது, ஓஸ் மாட்டியது

1996 மாடல், கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற பாகம்) வண்டி. பைபாஸில் அறுபதில் பத்து நிமிஷம் போனால் இழுவை குறையும், மிஸ்ஸிங் அடிக்கும் (இடையிடையே எரியாமல் விட்டுவிட்டு ஓடும்), திணறித் திணறி ஆஃப் ஆகும். நீளமாக செல்ஃப் அடித்தால் திரும்ப எடுக்கும். ஊருக்குள் ஒரு தொல்லையும் கிடையாது. மூன்று தடவை கார்பரேட்டர் கழுவி, இரண்டு ஃபில்டர் மாற்றியும் அப்படியேதான் இருந்தது. கடைசியில் பிடிபட்டது நாலு அங்குல ரப்பர் ஓஸ்.

ஸ்பார்க்குக்குக் கரன்ட் தருகிற காயில் பக்கம் போகாததற்குக் காரணம் வண்டி நிற்கிற விதம். கரன்ட் போனால் சாவியைத் திருப்பியது போலப் பட்டென்று நிற்கும். இது அப்படியில்லை. நின்ற கையோடு பானட்டைத் திறந்து கார்பரேட்டர் கண்ணாடியைப் பார்த்தால் பெட்ரோல் மட்டம் நடுப்புள்ளிக்கு வெகு கீழே கிடக்கிறது. வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வரத்தைத் தடுப்பது), பம்ப் மேல் ஈரத்துணி போடு என்று சொல்லாதவர் இல்லை. விடியற்காலைக் குளிரிலும் நிற்கிற வண்டிக்கு ஈரத்துணி எதற்கு?

பம்ப் சோதனைதான் எல்லாரும் சொதப்புகிற இடம். கார்பரேட்டருக்குப் போகிற ஓஸைக் கழற்றி ஒரு அளவு ஜாடியில் விட்டு, எஞ்சினை ஐடிலிங்கில் ஓட விடுங்கள். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்குகிற ஃப்ளோட் கிண்ணத்தில் மிச்சம் இருக்கிற பெட்ரோலிலேயே 20 வினாடி தாராளமாக ஓடும். ஜாடி, ஸ்பார்க் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்கும் சைலன்சர் குழாய்க்கும் தள்ளி இருக்கட்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இதில் 50 மில்லிதான் வந்தது, அதுவும் நுரையோடு.

அடுத்து பம்பின் உறிஞ்சும் வாயில் புது ஓஸ் மாட்டி, அதன் மறுமுனையை ஒரு பெட்ரோல் பாட்டிலில் விட வேண்டும். பாட்டிலை பானட்டில் தொங்கவிடாதீர்கள். உயரத்தில் இருந்தால் பெட்ரோல் தானாக இறங்கும், டயாபிரம் (பம்புக்குள் இழுத்துத் தள்ளுகிற சவ்வு) கிழிந்த பம்ப்கூட நல்ல பம்ப் வேஷம் போடும். முதல் தடவை அப்படித் தொங்கவிட்டதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண். பாட்டிலைத் தரையில் வைத்துப் பார்த்தபோது அதே 20 வினாடியில் 120 மில்லி, நுரை இல்லை. ஆக பம்ப் சுத்தம், கோளாறு பம்புக்கும் டேங்குக்கும் நடுவில்.

பிறகு அதே பாட்டிலைப் பின்னால் கொண்டுபோய் இரும்புக் குழாயின் டேங்க் பக்க முனையில் கொடுத்தேன். அங்கேயும் 120. மிச்சம் இருந்தது டேங்குக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவில் உள்ள ஓஸும், டேங்க் உள்ளே இருக்கிற வலையும். ஓஸுக்குப் பதில் ஒளி ஊடுருவும் ட்யூபைத் தற்காலிகமாக மாட்டியதும் நுரை நின்றுவிட்டது, அளவும் ஏறியது. பழைய ஓஸை வளைத்துப் பார்த்தால் கிளிப் உட்கார்ந்த இடத்தில் சுற்றிலும் மயிர்க்கோடாக வெடிப்பு.

வெளியே ஒரு சொட்டு ஈரமில்லை, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தப் பக்கம் பம்ப் இழுக்கிற பக்கம். வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். டேங்க் நிரப்பினால் இரண்டு நாள் ஒழுங்காக ஓடியதும் இதனால்தான். மட்டம் ஏறினால் உறிஞ்சும் உயரம் குறையும், காற்று இழுப்பும் குறையும். ஊருக்குள் பெட்ரோல் செலவு கம்மி என்பதால் நுரையோடு வருவதே போதுமாகிவிடுகிறது. (ஃபில்டர் பாதி காலியாகத் தெரிவதை வைத்து முடிவு கட்டாதீர்கள், நல்ல வண்டியிலும் அப்படித்தான் தெரியும்.)

புது ஓஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற சாதா கறுப்பு ஓஸ் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. மேலே எஸ்ஏஇ 30 ஆர்9 என்று அச்சடித்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள், உள்பூச்சு எத்தனாலுக்குத் தாங்கும். சென்னையில் ஜி.பி. ரோடில் நாலு கடை ஏறினால்தான் கிடைக்கிறது. புதுப்பேட்டையில் தேடுவது நேர விரயம். கிளிப் ஓரம் மடித்த வகையாக இருக்கட்டும். பல் வெட்டிய கிளிப்பை இறுக்கினால் அது ரப்பரைக் கடிக்கும், பழைய ஓஸ் செத்ததே அப்படித்தான்.

இப்போது எண்பதில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் ஐடிலிங் இன்னும் ஏறி இறங்குகிறது. ஐடிலிங்கில், அதற்கான பெட்ரோல் வழியைத் திறந்து மூடுகிற சோலனாய்டு வயரைப் பிடுங்கினால் எஞ்சின் நிற்க வேண்டும், இதில் நிற்கவில்லை. த்ராட்டில் திருகை யாரோ அளவுக்கு மீறி ஏற்றி வைத்திருக்கிறார்கள், ஸ்லோ ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடுகிற சின்னத் துளை) அடைப்பை மறைக்க. அடுத்து கார்பரேட்டர் கிட் வாங்க வேண்டும். வாங்கும் முன், அங்கேயும் காற்று இழுக்கிறதா என்று இன்டேக் அடி கேஸ்கெட்டைச் சோதித்து, வேக்குவம் ஓஸ்களை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்க்கிறேன்.