777 கொடுத்தும் திறக்காத கோப்பு

பெங்களூரில் எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர், லினக்ஸ் சர்வரை நிறுவிய கையோடு அதன் கூடுதல் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸை (SELinux) அணைத்துவிடும் பழக்கத்துடனேயே வருகிறார்கள். "அண்ணா, 777 கொடுத்துப் பார்த்துட்டேன், அப்பவும் பெர்மிஷன் டினைடுன்னுதான் வருது" என்பதே அவர்கள் சொல்லும் காரணம். 777 என்பது ஒரு கோப்பைப் படிக்கவும் எழுதவும் இயக்கவும் எல்லோருக்கும் அனுமதி தரும் எண்.

வழக்கமான யூனிக்ஸ் முறையில் ஒரு கோப்பை யார் படிக்கலாம் என்பதை அதன் உரிமையாளர் தீர்மானிக்கிறார். முழு அதிகாரம் கொண்ட நிர்வாகியான ரூட் பயனரை அந்தத் தடையும் கட்டுப்படுத்துவதில்லை. எஸ்இலினக்ஸ் செயல்படுத்தும் கட்டாய அணுகல் கட்டுப்பாடு அந்த முடிவை உரிமையாளரின் விருப்பத்துக்கு விடாமல், கணினி முழுமைக்கும் பொதுவான ஒரு கொள்கையின்கீழ் கொண்டுவருகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் முதலில் வழக்கமான அனுமதிகளைச் சோதித்து, அதில் தேறிய கோரிக்கையை மட்டுமே எஸ்இலினக்ஸிடம் அனுப்புகிறது. முதல் சோதனை மறுத்ததை இரண்டாவது சோதனையால் வழங்க இயலாது. முதலாவது வழங்கியதை இரண்டாவது மறுக்கலாம். 777 பயன்படாமல் போவது இதனால்தான்.

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் எஸ்இலினக்ஸை வெளியிட்டது. அதற்கு அடித்தளமான ஃபிளாஸ்க் கட்டமைப்பில் எனக்குப் பிடித்தது, முடிவெடுக்கும் பகுதியும் அதை நிறைவேற்றும் பகுதியும் தனித்தனியாக இருப்பதுதான். இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் (செயல்முறைக்கும்) ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்இலினக்ஸ் ஓர் அடையாள முத்திரை இடுகிறது. இந்த முத்திரை கொண்ட செயல்முறை அந்த முத்திரை கொண்ட கோப்பைத் திறக்கலாமா என்று கர்னலின் ஒரு பகுதி கேட்க, பாதுகாப்பு சர்வர் எனப்படும் மற்றொரு பகுதி கொள்கையைப் பார்த்துப் பதில் சொல்கிறது. அந்தப் பதில் கேஷ் எனும் தற்காலிகச் சேமிப்பில் தங்குவதால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட வேண்டியதில்லை. கொள்கையை மாற்றுவதற்குக் கர்னலில் கைவைக்கத் தேவையும் இல்லை.

நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை கொள்கையால் வந்தவை அல்ல, முத்திரையால் வந்தவை. ஹோம் டைரக்டரியில் வைத்திருந்த இணையப் பக்கத்தை 'எம்வி' கட்டளையால் வெப் சர்வரின் டைரக்டரிக்கு நகர்த்தினால், பழைய முத்திரையும் கூடவே வந்துவிடும்; அதனால் வெப் சர்வருக்கு அனுமதி மறுக்கப்படும். 'சிபி' கட்டளையால் நகலெடுத்தால், புதிய கோப்பு பொதுவாகச் சேருமிடத்தின் முத்திரையைப் பெறும். நகர்த்திய கோப்பை 'ரெஸ்டோர்கான்' கட்டளை ஒரே வரியில் சரிசெய்துவிடும். இதற்காக முழுப் பாதுகாப்பையும் அணைப்பவர்களின் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலோ, 2014இல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே எஸ்இலினக்ஸ் முழுமையாக அமலில் இருக்கிறது!

முத்திரை சரியாக இருந்தும் மறுப்பு தொடர்ந்தால், எதையும் தடுக்காமல் மீறல்களைப் பதிவு மட்டும் செய்யும் பெர்மிசிவ் நிலைக்கு மாற்றி, அந்த ஆடிட் பதிவைப் படிக்கச் சொல்கிறேன். அப்பதிவிலிருந்து 'ஆடிட்டுஅலவ்' கருவி உருவாக்கித் தரும் விதிகளை வரிவரியாகப் படிக்காமல் ஏற்றுவதற்கு மட்டும் நான் சம்மதிப்பதில்லை. மறுக்கப்பட்டது நம் செயலியின் கோரிக்கையா, ஊடுருவியவனின் முயற்சியா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது.