சித்தப்பாவுக்காக அத்தையைத் தேடியது

1941 டிசம்பர் 7 அன்று ஹவாயின் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியபோது அங்கே கவிழ்ந்த ஓக்லஹோமா என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் என் மாமனாரின் சித்தப்பாவும் இருந்தார். கொதிகலன் பகுதியில் வேலை, வயது இருபது. அயோவா மாநிலத்தில் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் மாமனார் வீட்டின் கூடத்தில் கடற்படைச் சீருடையில் அவருடைய படம் மாட்டியிருக்கும். மணமாகி அங்கே போன முதல் வாரத்தில், இவரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று நான் கேட்டதற்கு, "ஹவாயில்தான். எந்தக் குழியில் என்று யாருக்கும் தெரியாது" என்றார் மாமனார். அவர் அதைச் சொன்ன விதத்தில், அந்த வீட்டில் பல முறை கேட்கப்பட்டுப் பல முறை சொல்லப்பட்ட பதில் அது என்பது விளங்கியது.

2015ஆம் ஆண்டின் இறுதியில் கடற்படையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பெயர் தெரியாதவர்களாகப் புதைக்கப்பட்ட ஓக்லஹோமா மாலுமிகளின் எலும்புகளை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மீண்டும் தோண்டியெடுத்து ஆராய்கிறது என்றும், ஒப்பிட்டுப் பார்க்க உறவினர்களின் மரபணு மாதிரி தேவை என்றும் அதில் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் கடந்துவந்த வழியை, இதே போன்ற கடிதம் கையில் கிடைத்துத் திகைத்து நிற்கும் குடும்பங்களுக்கு உதவக்கூடும் என்று எண்ணி எழுதுகிறேன்.

எண்பது ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களின் எலும்புகள் எப்படிக் கலந்து போயின என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது புரியாமல் மற்ற எதுவும் புரியாது. டார்பிடோக்கள் அடுத்தடுத்துத் தாக்கியதில் ஓக்லஹோமா 12 நிமிடங்களுக்குள் தலைகீழாகப் புரண்டது. அடிப்பாகத்து இரும்பைத் துளைத்து 32 பேரை உயிரோடு மீட்டார்கள்; 429 பேர் இறந்தார்கள். அதே தாக்குதலில் மூழ்கிய அரிசோனா என்ற போர்க்கப்பல் இன்னும் துறைமுகத்தின் அடியிலேயே கிடக்க, ஓக்லஹோமாவை 1943இல் நிமிர்த்தி மிதக்கவிட்டார்கள். ஆகவே உள்ளே இருந்தவர்களின் உடல்களை வெளியே எடுக்கும் வேலை 1944ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை நீண்டது. எண்ணெயும் கடல்நீரும் நிறைந்த அறைகளில் இரண்டரை ஆண்டுகள் கிடந்தவற்றில் முழு உடல் என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. 1947இல் இடுகாடுகளிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஆராய்ந்தபோதும் அடையாளம் காண முடிந்தவர்கள் மிகச் சிலரே. அப்போதைக்கு மொத்தம் 35 பேருக்குத்தான் பெயர் கிடைத்திருந்தது. மற்றவர்களை ஹொனலுலுவில் பஞ்ச்போல் என்று வழங்கப்படும் தேசிய நினைவு இடுகாட்டில் 46 குழிகளில் கூட்டாகப் புதைத்தார்கள். 2003இல் ஒரே ஒரு சவப்பெட்டியைத் திறந்து பார்த்தபோது, ஐந்து பேர் இருப்பதாக நம்பப்பட்ட அதற்குள் ஏறக்குறைய 100 பேருடைய எலும்புகள் இருந்தன. அந்தப் பெட்டி திறக்கப்பட்டதற்குக் காரணம், பேர்ல் ஹார்பர் தாக்குதலில் உயிர் பிழைத்த ரே எமரி என்ற முதியவர், பழைய ஆவணங்களைத் தாமே தோண்டித் துருவி விடாமல் மன்றாடியதுதான். அவரைப் பற்றிப் படித்த பிறகு எங்கள் வேலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மாமனார் உடனே மாதிரி கொடுக்க ஒப்புக்கொண்டார். கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்து எடுக்கும் பஞ்சுக் குச்சிகளும் படிவமும், திருப்பி அனுப்ப முன்பே தபால் கட்டணம் செலுத்திய உறையும் வீட்டுக்கே வந்தன. ஐந்து நிமிட வேலை. செலவு ஏதும் இல்லை. ஆனால் தொலைபேசியில் பேசிய அதிகாரி ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். இத்தனை பழைய எலும்புகளில் பெரும்பாலும் நம்பத்தகுந்த அளவில் கிடைப்பது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏதான். அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருவது. மாமனாரிடம் இருப்பது அவருடைய அம்மாவின் வழி. சித்தப்பாவிடம் இருந்ததோ பாட்டியின் வழி. அண்ணன் மகன் என்ற முறையில் மாமனார் தரும் ஆண்வழி மாதிரி துணைக்கு உதவும், ஆனால் முதலில் வேண்டியது பாட்டி வயிற்றுப் பெண்ணின் வாரிசு.

ஆங்கிலத்தில் அங்கிள், ஆன்ட், கசின் என்ற மூன்று சொற்களுக்குள் இவ்வளவும் அடங்கிவிடுவதால், எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த அதிகாரி கேட்டது விளங்கவில்லை. நான் ஒரு தாளை எடுத்துச் சித்தப்பா, அத்தை, அத்தை மகள் என்று தமிழில் எழுதிக் கோடு இழுத்தேன். தேவைப்படுவது அத்தை, இல்லையென்றால் அத்தையின் பிள்ளைகள், அல்லது அத்தை மகள் வயிற்றுப் பிள்ளைகள் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. சித்தப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தார் என்பது மாமனாருக்குத் தெரியும். போருக்குப் பிறகு திருமணமாகி மேற்கே எங்கோ போனவர், ஏதோ மனத்தாங்கலில் தொடர்பு விட்டுப்போயிற்று என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

அவரைத் தேட எனக்கு ஓராண்டு ஆனது. 1940ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட்டன; அதில் அண்ணன்மார் இருவரின் பெயருக்குக் கீழே, பதினேழு வயதுப் பெண்ணாக அவர் இருக்கிறார். அதன் பிறகு அந்தப் பெயரில் உலகத்தில் யாருமே இல்லை. கணவரின் குடும்பப் பெயருக்கு மாறியவரை, அந்தப் பெயர் தெரியாமல் எந்த ஆவணத்தில் தேடுவது? அத்தையின் அம்மா 1960களில் இறந்தபோது உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த இரங்கல் குறிப்பை நூலகத்தின் நுண்படச் சுருளில் தேடிக் கண்டுபிடித்தேன். பிள்ளைகளின் பட்டியலில் மகளுடைய சொந்தப் பெயர்கூட இல்லை; இன்னாரின் மனைவி என்று கணவரின் முழுப் பெயரைப் போட்டு முடித்திருந்தார்கள். திருமணத்துக்குப் பிறகு என் தலைப்பெழுத்து மாறி, பழைய சான்றிதழும் புதிய கடவுச்சீட்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நான் அலைந்த நாட்கள் அப்போது நினைவுக்கு வந்தன. எந்த வழி தேவையோ அந்த வழியைத்தான் காகிதங்கள் எழுதாமல் விட்டிருந்தன.

ஆயினும் அந்தக் கணவர் பெயர்தான் எங்களைக் கரை சேர்த்தது. ஆரிகன் மாநிலத்தில் அந்தப் பெயருடையவரின் மரணக் குறிப்பும், பின்னர் அத்தையின் மரணக் குறிப்பும் கிடைத்தன. அதில் மகளின் பெயர், மீண்டும் வேறொரு குடும்பப் பெயரோடு, இருந்தது. தொலைபேசியில் திடீரென்று அழைத்தால் மோசடி என்று நினைப்பார் என்பதால் கையால் கடிதம் எழுதி, கடற்படைக் கடிதத்தின் நகலையும் சித்தப்பாவின் படத்தையும் வைத்து அனுப்பினேன். இதே தேடலில் இருப்பவர்களுக்கு இதை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: படத்தை வையுங்கள். பத்து நாள் கழித்து அந்த அம்மையார் அழைத்தார். எழுபது வயதைக் கடந்தவர். "இந்தப் படம் என் அம்மாவின் கட்டிலருகே இருந்தது" என்றார். கப்பலிலிருந்து சித்தப்பா தங்கைக்கு எழுதிய நான்கு கடிதங்களும் அவரிடம் இருந்தன. மாதிரி எடுக்கும் பை அடுத்த மாதமே அவர் வீட்டுக்குப் போயிற்று.

பிறகு காத்திருப்பு. எலும்பு ஆய்வு நெப்ராஸ்காவில் ஆஃபட் விமானப்படைத் தளத்தில் உள்ள ஆய்வகத்திலும், மரபணுச் சோதனை டெலவேரில் டோவரிலும் நடந்தன. ஏறக்குறைய 13,000 எலும்புகளில் ஒவ்வொன்றும் யாருடையது என்று பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, ஏன் தாமதம் என்று கேட்கும் எண்ணமே எங்களுக்கு வரவில்லை. 2019இன் தொடக்கத்தில் மாமனாருக்கு அழைப்பு வந்தது. சில வாரங்களில் கடற்படையினர் நேரில் வந்து, தடித்த கோப்பு ஒன்றை மேசைமேல் வைத்துப் பக்கம் பக்கமாக விளக்கினார்கள். பல் மருத்துவக் குறிப்பு, மரபணு ஒப்பீடு, எல்லாவற்றுக்கும் பிறகு ஒரு மனித எலும்புக்கூட்டின் வரைபடம். கிடைத்த எலும்புகளுக்கு மட்டும் நிழல் தீட்டியிருந்தார்கள். மண்டையோடு, இரண்டு தொடையெலும்புகள், இடுப்பு, சில விலாக்கள். வலது கையில் ஒன்றுமில்லை.

அப்பாவின் சஞ்சயனத்தன்று அண்ணன் சாம்பலில் பாலைத் தெளித்து, கால் தொடங்கித் தலை வரை எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பானையில் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரைபடத்தைப் பார்த்தபோது, முகம் தெரியாத யாரோ ஆய்வகத்தில் அதையேதான் ஆண்டுக்கணக்கில் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

அன்றைக்கே மாமனார் சில முடிவுகளை எழுதித் தர வேண்டியிருந்தது. எங்கே அடக்கம் என்பதில் தயக்கமில்லை. சித்தப்பாவின் தாய் தந்தையருக்குப் பக்கத்தில். தயங்கியது இன்னொரு கேள்வியில்தான். பின்னால் வேறு எலும்புகள் இவருடையவை என்று தெரிந்தால் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? ஒவ்வொரு முறையும் துக்கத்தைத் திறக்க வேண்டாம் என்றார் என் கணவர். மாமனார் ஆரிகனுக்கு அழைத்து அத்தை மகளிடம் கேட்டார். "அம்மா இருந்தால், விரல் எலும்பு கிடைத்தாலும் சொல்லுங்கள் என்றிருப்பார்" என்று பதில் வந்தது. சொல்லுங்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்தக் கோடையில் அடக்கம் நடந்தது. எலும்புகளைப் போர்வையில் சுற்றிப் பெட்டியில் கிடத்தி, அவற்றின்மேல் புத்தம்புதிய சீருடையைப் பதக்கங்களோடு விரித்து வைத்திருந்தார்கள். ஊரே சாலையோரம் நின்றது. மும்முறை துப்பாக்கி முழங்கி, எக்காளம் ஒலித்து ஓய்ந்த பின், முக்கோணமாக மடித்த கொடியை மாமனாரிடம் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிய கையோடு பக்கத்தில் அமர்ந்திருந்த அத்தை மகளின் மடியில் வைத்தார். அதுவரை அவர்கள் இருவரும் நேரில் சந்தித்தது இரண்டே முறை.

ஓக்லஹோமா ஆய்வில் மொத்தம் 361 பேருக்குப் பெயர் கிடைத்தது. கிடைக்காத 33 பேரை, தாக்குதலின் 80ஆம் ஆண்டு நிறைவான 2021 டிசம்பர் 7 அன்று பஞ்ச்போலில் மறுபடி அடக்கம் செய்தார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன் எங்களுக்கு இன்னொரு அழைப்பு வந்தது. வலது முன்கை எலும்பு ஒன்றும் மணிக்கட்டின் சில சிறு எலும்புகளும் அவருடையவை என்றார்கள். இம்முறை வாத்தியமும் அணிவகுப்பும் வேண்டாம் என்று மாமனார் சொல்லிவிட்டார். ஒரு காலை வேளையில் நாங்கள் நான்கு பேரும் இடுகாட்டுக்குப் போனோம். கல்லறையின் தலைமாட்டில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டியிருந்தார்கள். அத்தை மகள் கைப்பையிலிருந்து பழைய உறை ஒன்றை எடுத்தார். சித்தப்பா தங்கைக்கு எழுதிய கடைசிக் கடிதம். அதை எழுதிய கைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லி, அந்தச் சிறிய பெட்டியின்மேல் வைத்தார்.