ஸ்கீமா எரரை வாசிக்கப் பழகுகிறேன்

பொழுதுபோக்காக க்ளோஷர் என்ற நிரல்மொழியில் எழுதிவரும் செலவுக் கணக்கு நிரலில், தரவு எதிர்பார்த்த வடிவில் இருக்கிறதா என்று சோதிக்கும் ப்ளுமேட்டிக் ஸ்கீமா லைப்ரரியைச் சேர்த்திருக்கிறேன். ரெப்பிளில் (வரிவரியாகக் கொடுத்து உடனே ஓட்டிப் பார்க்கும் இடம்) ஒழுங்காக ஓடிய ஃபங்ஷன், டெஸ்டில் விழுந்தது. ஸ்கீமாவை (வடிவ விவரத்தை) எழுதிவைத்தால் மட்டும் சோதனை நடந்துவிடாது, வேலிடேஷனைத் தனியே இயக்க வேண்டும். டெஸ்ட்களுக்கு முன்னேற்பாடு செய்யும் ஃபிக்ஸ்சர் அதை இயக்கியிருந்தது. ரெப்பிளில் அணைந்தே கிடந்தது. அது சீக்கிரம் பிடிபட்டது.

எரரின் வடிவம்தான் குழப்பம். தொகைகள் உள்ள ஒரு வெக்டரை (வரிசைப் பட்டியலை) ஸ்கீமாவின் 'செக்' ஃபங்ஷனுக்குக் கொடுத்துப் பார்த்தேன். நடுவில் இருந்த 250 மட்டும் எண்ணாக இல்லாமல் ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) இருந்தது. விடை: நில் (nil, வெற்று மதிப்பு), 'நாட் இன்டிஜர் 250', நில். தரவில் எங்கே நில் இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. இங்கே நில் என்றால் 'இந்த இடத்தில் குறை இல்லை'. எரர் தரவின் அச்சிலேயே வருகிறது. வெக்டரில் வரிசை முக்கியம் என்பதால் சரியானவற்றின் இடத்தை நில் பிடித்துவைக்கிறது. பெயர்-மதிப்பு ஜோடிகளான மேப்பில் அந்தத் தேவை இல்லை, பிழையுள்ள கீகள் (பெயர்கள்) மட்டுமே மிஞ்சும். 'நாட்' என்பதற்குப் பின்னால் வருவது தோற்றுப்போன சோதனையும் அதற்குக் கிடைத்த மதிப்பும்.

மேப்பில் இன்னொரு வேடிக்கை. 'மிஸ்ஸிங் ரிக்வயர்ட் கீ', 'டிஸ்அலௌட் கீ' இரண்டும் ஒரே பெயருக்குச் சேர்ந்து வந்தால் அவை இரண்டு பிழைகள் அல்ல. ஜேசான் (JSON) தரவிலிருந்து வந்த கீ ஸ்ட்ரிங்காக இருக்கிறது, ஸ்கீமா கீவேர்டை (க்ளோஷரின் தனிப் பெயர் வகையை) எதிர்பார்க்கிறது. ஜேசானைப் படிக்கும் செஷயர் லைப்ரரியில் பார்ஸ் செய்யும்போது இரண்டாவது ஆர்க்யுமென்டாக ட்ரூ கொடுத்தேன், கீகள் கீவேர்டாக வந்தன. இரண்டும் ஒருசேரப் போயின.

பெரிய மதிப்பு என்றால் மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஜாவா கிளாஸ் பெயர்தான் தெரியும். அச்சிட்டால் 19 எழுத்துக்கு மேல் போகும் எதையும் ஸ்கீமா இப்படிச் சுருக்கிவிடுகிறது. எரிச்சலான பழக்கம். ஆனால் வீசப்படும் எக்ஸப்ஷனிலிருந்து 'எக்ஸ்-டேட்டா' (அதனுடன் வரும் தரவு) எடுத்தால் ஸ்கீமா, முழு மதிப்பு, எரர் மூன்றும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. இப்போது செய்தியைப் படிப்பதற்கு முன் அதைத்தான் பார்க்கிறேன். ஒன்று மட்டும் செய்தியிலிருந்தே தெரிந்துவிடும்: 'இன்புட்' என்றால் அழைத்த இடத்தைப் பார்க்க வேண்டும், 'அவுட்புட்' என்றால் ஃபங்ஷனுக்குள்ளேயே தேட வேண்டும்.

கடைசியாக, வரவா செலவா என்று பிரிக்க வைத்திருந்த 'எய்தர்' (இதுவோ அதுவோ) ஸ்கீமாவைத் தூக்கிவிட்டேன். எதுவுமே பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் அது. எந்தக் கிளை ஏன் தோற்றது என்று சொல்லாது. அதன் இடத்தில் 'கண்டிஷனல்' வைத்து, 'வகை' கீயைப் பார்த்துக் கிளையைத் தேர்ந்தெடுக்கச் செய்தேன். செலவுப் பதிவில் தேதி விடுபட்டால் இப்போது தேதி விடுபட்டது என்றே வருகிறது.