தாருகானாவில் வாங்கிய பழைய வைஸ்

மும்பையின் ரே ரோடு நிலையத்தை அடுத்த தாருகானாவில், உடைத்த கப்பல்களின் சாமான்களை விற்கும் கடையொன்றில் அந்தப் பெஞ்ச் வைஸை, அதாவது பொருளை இரு தாடைகளுக்கு நடுவே இறுகப் பிடிக்கும் மேசைக் கருவியைக் கண்டேன். அதன்மீது அலுமினியப் பெயின்ட் பளபளத்தது. பழைய வார்ப்பிரும்பின் மேல் புதுப் பெயின்டைக் கண்டால் முதலில் விரிசலைத்தான் சந்தேகிக்க வேண்டும். எனவே கடைக்காரரின் சம்மதத்துடன், தாடையின் அடிவளைவிலும் போல்ட் துளைகளைச் சுற்றியும் பெயின்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய எண்ணெய் கசிந்து தூளில் கோடாகத் தெரியும். அப்படி எதுவும் தெரியாததால் பேரம் பேசினேன்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உலர்வாக உப்புத்தாள் போடாமல், கையுறை அணிந்து பெயின்ட் ரிமூவர் கொண்டு கரைத்தேன். அலுமினியப் பெயின்டுக்குக் கீழே இருந்த நீல நிறத்திற்கு அடியில் 'ரெக்கார்ட்', '3', 'மேட் இன் இங்கிலாந்து' என்ற புடைப்பெழுத்துகள் தெரிந்தன. ரெக்கார்ட் என்பது ஷெஃபீல்டின் சி அண்ட் ஜே ஹாம்ப்டன் நிறுவனத்தின் வணிகப் பெயர். 3ஆம் எண்ணுக்குரிய தாடை அகலம் 4 அங்குலம். அளந்தபோது அதுவும் பொருந்தியது.

துருவை நீக்கச் சலவைச் சோடா கரைத்த நீரில் வைஸை மூழ்கவைத்து மின்சாரம் செலுத்தி மின்பகுப்பு செய்தேன். பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை வைஸிலும், நேர்முனையைப் பழைய இரும்புத் தகட்டிலும் இணைக்க வேண்டும். மாற்றி இணைத்தால் வைஸே அரிக்கப்படும். தகட்டுக்குப் பதிலாகச் சிலர் எவர்சில்வர் பாத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக நீரில் கலக்கும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வெளிவருவதால் தொட்டியைத் திறந்த பால்கனியில் வைத்தேன். எடுத்த இரும்பைக் கழுவித் துடைத்து உடனே எண்ணெய் பூசாவிட்டால், இந்த ஊர் மழைக்காலக் காற்றில் துரு மீண்டும் படர்ந்துவிடும்.

அதிக நேரம் பிடித்தது தாடைத் தகடுகளைக் கழற்றுவதில்தான். எண்ணெயில் ஊறவைத்து சுத்தியலால் அடித்தால் திருகைச் சுழற்றும் இம்பாக்ட் டிரைவரால் தட்டிய பிறகு திருகுகள் இளகின. ஆனால் ஒன்றின் தலை முற்றிலும் தேய்ந்திருந்ததால் புதிது தேவைப்பட்டது. தாராவியில் லேத் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்கார அண்ணாச்சி மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது விட்வொர்த் மரை. மெட்ரிக் திருகை முறுக்கி ஏத்திராதீங்க, உள்மரை போயிரும்" என்றார். பிரிட்டிஷ் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்மொழிந்த இந்த மரையின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. 5/16 அங்குல விட்வொர்த் திருகும் 8 மில்லிமீட்டர் திருகும் பருமனில் ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றினாலும், மரை இடைவெளி முறையே 1.41, 1.25 மில்லிமீட்டர் என வேறுபடுவதால் சில சுற்றுகளிலேயே இறுகிவிடும். அண்ணாச்சியே அதே மரையில் ஒரு திருகைக் கடைந்து தந்தார்.

தாடைகளின் மேற்புறத்தில் இருந்த சுத்தியல் தழும்புகளை நான் கிரைண்டர் வைத்துச் சமன்படுத்தவில்லை. பிடிமானத்திற்கு அவற்றால் பாதகமில்லை. தாடையை நகர்த்தும் திருகுத் தண்டான ஸ்பிண்டிலின் மரையில் படிந்திருந்த கெட்டிப் பிசுக்கை மட்டும் கம்பி பிரஷால் முழுமையாக நீக்கிப் புதுக் கிரீஸ் இட்டேன். மேசையில் பொருத்தும்போது, நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க வசதியாக, அசையாத தாடையின் முகம் மேசை விளிம்பைத் தாண்டிச் சற்று வெளியே நிற்குமாறும், தாடையின் மேல்மட்டம் என் முழங்கை உயரத்தில் அமையுமாறும் வைத்து போல்ட்டுகளை முடுக்கினேன்.