பழைய டிராக்டரின் ஆயில் பம்ப்பைப் பிரித்துக் கட்டிய கதை

ஆயில் பிரஷர் மீட்டரில் முள் இறங்கிவிட்டால் பார்க்கிறவர்கள் எல்லாரும் "பம்ப் போச்சு" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். போயிருக்கலாம். ஆனால் பம்ப்பின் வேலை ஆயிலைத் தள்ளுவது மட்டும்தான். தள்ளிய ஆயில் சுலபமாகப் போக வழியில்லாமல் நெருக்கப்படும்போதுதான் பிரஷர் வருகிறது. மெயின் பேரிங்கும் கனெக்டிங் ராட் பேரிங்கும் தேய்ந்து இடைவெளி விட்டிருந்தால் ஆயில் அந்த வழியாகவே ஒழுகிப் போய்விடும், புத்தம் புது பம்ப்பை வாங்கிப் போட்டாலும் முள் பழைய இடத்திலேயேதான் நிற்கும். அதனால் பம்ப்பைக் கழற்றுவதற்கு முன்னால் குற்றவாளி அதுதானா என்று பார்ப்பது நல்லது.

என் டிராக்டரில் காலையில் ஸ்டார்ட் செய்தால் முள் ஜோராக ஏறி நிற்கும். கொஞ்ச நேரம் உழுதுவிட்டு ஸ்லோவில் விட்டால் அப்படியே படுத்துக்கொள்ளும். சூடானால் ஆயில் இளகிவிடும், இளகிய ஆயில் எந்தச் சின்ன இடுக்கிலும் நழுவும், ஆக எங்கேயோ இடுக்கு பெரிதாகியிருக்கிறது என்பது வரை சரி. வண்டியிலிருந்த மீட்டரை நம்பாமல் அந்த இடத்தில் வேறொரு பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தேன், அதுவும் அதையேதான் சொன்னது. அப்புறம்தான் சம்ப்பில் (இஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, பம்ப் இருப்பது அதற்குள்ளே) கை வைத்தேன்.

சம்ப்பைக் கழற்றுவது பற்றி ஒன்றே ஒன்று: பல பழைய டிராக்டர்களில் அது தகர ஆயில் பான் கிடையாது, கனமான வார்ப்பிரும்பு. சிலவற்றில் முன் அச்சே அதில்தான் பிடித்திருக்கும். வண்டியின் பாரத்தை முதலில் வேறு இடத்தில் தாங்கிவிட்டுத்தான் போல்ட்டைத் தொட வேண்டும். சம்ப் இறங்கிய பிறகு பேரிங் மூடி ஒன்றிரண்டைக் கழற்றி உள்ளே இருக்கும் வளைந்த மெல்லிய தகட்டை, அதாவது ஷெல்லையும் பார்த்துவிடுங்கள், மறுபடி யார் கீழே படுப்பது? என்னுடையதில் ஷெல் சாம்பல் நிறத்தில் சீராகவே இருந்தது, அடியிலுள்ள செம்பு வெளியே தெரியும் அளவுக்குத் தேயவில்லை, ஆக சந்தேகம் பம்ப் மேல்தான்.

இது இரண்டு பல்சக்கரம் வைத்த சாதாரண கியர் பம்ப். ஒன்றை ஷாஃப்ட் சுற்றுகிறது, மற்றது அதோடு சேர்ந்து சும்மா சுற்றுகிறது. இரண்டு கியரும் கடிபடும் நடு இடத்தின் வழியாக ஆயில் போகிறது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். உண்மையில் பற்களுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் மாட்டிக்கொண்டு, ஓரமாக, பாடியின் சுவரை ஒட்டியே அது சுற்றி வருகிறது. நடுவில் பற்கள் கடித்துக்கொள்வது ஆயில் திரும்பிப் போகாமல் அடைக்கத்தான். வெளியேறும் பக்கம் பிரஷர் அதிகம் என்பதால் அது கியர்களை எப்போதும் உறிஞ்சும் பக்கத்துச் சுவரை நோக்கியே தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் பாடியின் உள்சுவர் தேய்ந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் தேயும். அங்கே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், படி மாதிரி ஒரு விளிம்பு தட்டுப்பட்டால் பாடி மாற்ற வேண்டிய கேஸ், அதைக் கையால் சரிசெய்ய முடியாது.

என் பம்ப்பில் சுவர் பரவாயில்லை. தேய்ந்திருந்தது மூடித் தகடு. கழற்றித் துடைத்ததும் கியர் இரண்டும் சுற்றிய தடம் ஆங்கில எட்டு வடிவத்தில் பளபளவென்று தெரிந்தது, ஓரத்தில் நகத்தை இழுத்தால் டக்கென்று மாட்டியது. அந்தப் பள்ளம் சுமார் 0.08 மி.மீ. பாடியின் மேல் நேர்விளிம்பு ஸ்கேலை வைத்து, அதற்கும் கியரின் மேல்முகத்துக்கும் நடுவே இடுக்கை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தால் இன்னொரு 0.08. ஆக மொத்தம் 0.16 மி.மீ. இந்த மாதிரி பம்ப்புகளுக்குப் பொதுவாகச் சொல்கிற இடைவெளி 0.025 முதல் 0.075 மி.மீ. வரை (உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு). 0.16 ஒன்றும் பெரிய இடைவெளி இல்லையே என்று தோன்றும். ஆனால் இந்த மாதிரி தட்டையான இடுக்கில் ஒழுகும் அளவு இடைவெளியின் முப்படி கணக்கில் ஏறும். இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுக்கு எட்டு மடங்கு. சூட்டில் முள் படுத்துக்கொண்டதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தகட்டை சர்ஃபேஸ் கிரைண்டிங் கொடுத்து எடுப்பதுதான் முறையான வழி. நான் கையாலேயே தேய்த்தேன். தடிமனான கண்ணாடிப் பலகை, அதன் மேல் 220 நம்பர் வாட்டர் பேப்பர், கொஞ்சம் மண்ணெண்ணெய். தகடு முழுக்க மார்க்கர் பேனாவால் கிறுக்கிவிட்டு வட்ட வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால் மேடான இடத்தில் மை போகும், பள்ளத்தில் நிற்கும். அவ்வப்போது தகட்டைக் கால் சுற்று திருப்பிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கை அழுத்துகிற பக்கம் மட்டும் சாய்ந்து தேயும். பள்ளத்து மையும் முழுசாகப் போனதும் 400, 600 என்று நயமாக்கினால் போதும். பொறுமையைச் சோதிக்கிற வேலைதான், மறுக்கவில்லை.

தகடு சமமானதும் மிச்சம் இருந்தது 0.08. அதற்குப் பாடியின் முகத்தையும் அதே கண்ணாடி மேல் வைத்து, நாலைந்து இழுப்புக்கு ஒரு தடவை அளந்து அளந்து, 0.05 வரை இறக்கினேன். இங்கே அவசரம் கூடாது, கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் கியர் தகட்டில் உரசி இறுகிவிடும். கியரின் ஓரங்களில் பிசிர் இருந்தால் எண்ணெய்க்கல்லால் லேசாகத் தட்டி எடுக்கலாம், ஆனால் பல்லின் முனையை மழுக்கிவிடாதீர்கள், அந்தக் கூர் விளிம்புதான் ஆயிலை அடைக்கிறது. ஷாஃப்ட் புஷ்ஷில் ஆட்டம் இருந்தது, புது புஷ் இறக்கி, துளையை ரீமரால் சரியான அளவுக்குச் சீவுவதை லேத் பட்டறைக்காரரிடமே விட்டுவிட்டேன்.

எல்லாம் முடிந்ததும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, உடனே ஆயில் பூச வேண்டும். மண்ணெண்ணெயில் முக்கி எடுத்தால் மட்டும் வாட்டர் பேப்பரின் பொடி போகாது. அந்தப் பொடி உள்ளே போனால் நேராகப் பேரிங்குக்குத்தான்.

அடுத்து ரிலீஃப் வால்வு, அதாவது பிரஷர் மிஞ்சினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு. முள் இறங்கினால் ஸ்ப்ரிங்குக்குப் பின்னால் வாஷர் போட்டு இறுக்குகிற வழக்கம் நிறைய இடத்தில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. அந்த வால்வு பிரஷரின் உச்சத்தை மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது. சூடான இஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது பிரஷர் அந்த உச்சத்துக்குப் பக்கத்திலேயே வராது, வால்வு மூடித்தான் இருக்கும். மூடியிருக்கிற கதவை இன்னும் அழுத்தி என்ன பயன்? குளிர்ந்த இஞ்சினில் பிரஷர் அளவுக்கு மீறி ஏறும், ஃபில்டரும் பம்ப்பை ஓட்டும் கியரும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான் நடக்கும். வால்வில் பார்க்க வேண்டியது வேறு: பிளஞ்சர் தன் துளையில் தங்குதடையின்றி வழுக்கி விழுகிறதா, அமரும் இடத்தில் தூசு துகள் ஏதாவது மாட்டித் திறந்தே நிற்கிறதா, ஸ்ப்ரிங் தளர்ந்துவிட்டதா.

மாட்டும்போது தகட்டுக்கும் பாடிக்கும் நடுவே அட்டையை வெட்டி கேஸ்கெட் போடாதீர்கள். அட்டையின் தடிமன் அப்படியே கியரின் இடைவெளியோடு சேர்ந்துவிடும், செய்த வேலை எல்லாம் வீண். கம்பெனி கேஸ்கெட் உள்ள பம்ப் என்றால் அந்தத் தடிமனையும் கணக்கில் எடுத்துத்தான் அளக்க வேண்டும். சிலிக்கான் பேஸ்ட்டும் வேண்டாம், பிதுங்கிய துண்டு அறுந்து உள்ளே போனால் ஆயில் ஓட்டத்தை எங்காவது அடைக்கும். உறிஞ்சு குழாயின் இணைப்பில் மட்டும் புது ஓ-ரிங் போட்டேன். அங்கே காற்று இழுத்தால் பம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

காய்ந்த பம்ப் ஆயிலை இழுக்கத் திணறும். அதனால் மூடுவதற்கு முன் கியர்களின் இடுக்கில் வாசலின் அடைத்தேன், ஆயிலில் கரைந்துவிடும். கிரீஸ் போடக் கூடாது. ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்து, டீசல் போகாமல், இஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டுச் சுற்றவைத்தேன். சட்டென்று கேஜில் முள் எழுந்தது, அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்தேன்.

இப்போது சூட்டிலும் ஸ்லோவில் முள் நிற்கிறது, புது இஞ்சின் அளவுக்கு இல்லை, ஆனால் நிற்கிறது. முதல் ஆயிலை மட்டும் சீக்கிரமே மாற்றிவிட்டு, கழற்றிய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்க்கப் போகிறேன். அதில் செம்புப் பொடி மின்னினால் அடுத்த வேலை பேரிங்.