எஞ்சின் ரூம் காது

எங்கள் வீட்டில் எல்லாரும் சத்தமாகத்தான் பேசுவோம். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் இங்கே ஏதோ சண்டை நடக்கிறது என்றே நினைப்பார்கள், பிறகு பழகிவிடும். அப்பாவுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது, இடது காதில் ஒன்றுமே விழாது. வயது போனதால் வந்ததில்லை இது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, அவருக்கு நாற்பது வயதுகூட ஆகாத காலத்திலிருந்தே அப்படித்தான். அப்பா வேலை செய்த கடற்படைக் கப்பல் கஜபாகு அவர் காதைச் சாப்பிட்டுவிட்டது என்று அம்மா சொல்வார்.

போன மாதம் அந்தக் கப்பலில் அப்பாவோடு வேலை செய்தவர்களும் குடும்பங்களும் திருகோணமலைக்கு வந்திருந்தார்கள். உப்புவெளியில் கடற்கரைப் பக்கமாக ஒரு வீடு எடுத்து மூன்று நாள் தங்கினோம். குருநாகலிலிருந்து ஒரு மாமா, மட்டக்களப்பிலிருந்து ஒரு மாமா (அவர் பறங்கியர், ஐரோப்பிய வழி வந்தவர், வீட்டில் பேசுவது தமிழ்), அப்புறம் நீர்கொழும்பிலிருந்து ஒரு அன்ரி. அன்ரியின் கணவர் இறந்து ஆறு வருடம். "அவர் இருந்தா கட்டாயம் வந்திருப்பார், அதான் நான் வந்தனான்" என்றார். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் சேர்த்து 27 பேர்.

வான் வண்டியிலிருந்து இறங்கியதும் மூன்று கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்து "மச்சான்" என்று கத்தினார்கள். சிங்களத்திலும் தமிழிலும் அது ஒரே சொல்தானே. அதற்குப் பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை, ஆனால் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் குருநாகல் மாமியும் ஒரு ஆள் தூரத்தில் நின்றுகொண்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஐம்பது வருடமாக அப்படிப் பேசிப் பழகிய தொண்டை. எங்களைப் போல இன்னொரு வீடு குருநாகலிலும் இருந்திருக்கிறது என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

கஜபாகு 1944இல் கனடாவில், மொன்றியலில் கட்டிய ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல். முதலில் கனடாக் கடற்படையில் ஓடியது, பிறகு இஸ்ரேலுக்குப் போய், 1959இல் இங்கே வந்து சேர்ந்தது. அப்போது ராயல் சிலோன் நேவி (இலங்கைக் கடற்படையின் அந்நாள் பெயர்) தொடங்கி ஒன்பது வருடம்தான். அப்பா 1961இல் பத்தொன்பது வயதில் ஸ்டோக்கராக, அதாவது எஞ்சின் ரூம் வேலையாளாகச் சேர்ந்தார். கடற்படைக்குத் தலைமையில் இருந்தவர் ராஜன் கதிர்காமர், 1970 வரை அவர்தான். மெஸ்ஸில் எல்லா இனத்துப் பெடியன்களும் ஒன்றாகப் படுத்து எழும்பிய காலம் அது என்று மட்டக்களப்பு மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா 1973இல் விலகி வந்து நெல் ஆலை ஒன்றில் மெஷின் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

1983இல் எனக்கு எட்டு வயது. அந்த ஆடி மாதக் கலவரத்துக்குப் பிறகு திருகோணமலையில் கடற்படை என்ற சொல்லுக்கு எங்களைப் போன்ற வீடுகளில் வேறு பொருள் வந்துவிட்டது. அப்பா தன் பழைய படங்களையும் கடிதங்களையும் எங்கே வைத்தார் என்று எங்களுக்குத் தெரியாது, பிறகு இடம்பெயர்ந்ததில் அவையும் போய்விட்டன. எல்லாவற்றையும் உரக்கப் பேசுகிற எங்கள் வீட்டில் மெதுவாகச் சொல்லப்பட்ட ஒரே சொல் நேவி. அப்பாவைக் கேட்டு ஏதாவது எழுதிவைக்கவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

இரண்டாம் நாள் இரவு நண்டுக்கறியும் இடியப்பமும் சாப்பிட்டு முடித்து, குருநாகல் மாமி கொண்டுவந்த கொக்கிஸ் தட்டைச் சுற்றி எல்லாரும் இருந்தோம். மட்டக்களப்பு மாமாவின் பேரன், பன்னிரண்டு வயது இருக்கும், "கப்பலில என்ன தாத்தா வேலை?" என்று கேட்டான். கேட்கவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டான்.

அவர் சொல்லத் தொடங்கினார். அந்தக் கப்பலில் இருந்தது நீராவி எஞ்சின், ஒரு மாடி உயரத்துக்கு நிற்கும், பிஸ்டன் மேலும் கீழும் போகப் போக அடியில் பெரிய கிராங்க் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கிராங்கின் பெயரிங்குக்குள் ஒரு வெள்ளை உலோகம் பூசியிருப்பார்கள், எண்ணெய் குறைந்து சூடேறினால் அது உருகி எஞ்சின் நின்றுவிடும். சூட்டை எப்படிப் பார்ப்பது? கையால்தான். எஞ்சினை நிறுத்தாமல், கிராங்க் சுற்றி வருகிற ஒவ்வொரு முறையும் அதன் ஓட்டத்தோடு கையை உள்ளே விட்டு, ஒரு கணம் தொட்டு, அடுத்த சுற்றுக்குள் எடுத்துவிட வேண்டும். தாளம் தவறினால் கை போய்விடும். யாரிடமாவது எதையாவது சொல்வதென்றால் சைகைதான், அந்தச் சத்தத்தில் வாய் எதற்கும் உதவாது.

சொல்லிக்கொண்டே வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, முன்னே விட்டு, மெல்ல வளைத்து எடுத்தார். மறுபடியும். மறுபடியும். எதிர்க் கதிரையில் இருந்த அப்பாவின் கையும் எழும்பியது. அப்பாவுக்கு அவர் சொன்ன கதை ஒன்றுமே கேட்டிருக்காது, கையை மட்டும்தான் பார்த்தார். பிறகு குருநாகல் மாமா. மூன்று கைகளும் ஒரே நேரத்தில் உள்ளே போய் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. யாரும் எண்ணவில்லை. குருநாகல் மாமா கொஞ்சம் வேகம் கூட்டினார், மற்ற இரண்டு பேரும் சேர்ந்தே கூட்டினார்கள். மூன்று நாளில் அந்த வீடு அமைதியாக இருந்தது அந்த ஒன்றிரண்டு நிமிடம் மட்டும்தான்.

நீர்கொழும்பு அன்ரி எழும்பி வந்து அப்பாவின் முன்னால் நின்றார். "திரும்பச் செய்யுங்கோ அண்ணா" என்றார். அப்பாவுக்குக் கேட்கவில்லை, நான் காதருகில் சொன்னேன். அப்பா செய்தார். அன்ரி கண்ணெடுக்காமல் பார்த்தார். கடைசி இரண்டு வாரம் படுக்கையில் அவருடைய கணவரின் கை இப்படித்தான் போய்க்கொண்டே இருந்ததாம். ஏதோ மயக்கத்தில் செய்கிறார், ஊசி கழன்றுவிடப் போகிறது என்று பயந்து, மகளும் அவரும் மாறிமாறி அந்தக் கையைப் பிடித்து வைத்திருந்தார்களாம்.

"வேலைக்குப் போயிருக்கிறார்" என்று அன்ரி சொன்னார். இதையே இரண்டு மூன்று முறை சொன்னார். குருநாகல் மாமா அவருடைய தலையில் கை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றார்.

கடைசி நாள் காலையில் உட்துறைமுக வீதியில் எல்லாரையும் இறக்கினோம். 1957இல் பிரித்தானியர் கையளித்த தளம் இன்னும் கடற்படையிடம்தான் இருக்கிறது, நினைத்தவுடன் உள்ளே போக முடியாது, ஆனால் வீதியோரத்தில் நின்றாலே துறைமுகம் நன்றாகத் தெரியும். கஜபாகு எங்கே கட்டிக் கிடக்கும் என்பதில் மூன்று பேருக்கும் பெரிய வாக்குவாதம், ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள், மூதூர்ப் படகுக்குக் காத்திருந்த சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதே பெயரில் இப்போது இலங்கைக் கடற்படையில் வேறொரு கப்பல் இருக்கிறது என்று சொன்னேன். அப்பா "அது வேற" என்று சொல்லிவிட்டு மறுபடி வாக்குவாதத்துக்குப் போய்விட்டார்.

அவர்களால் போனில் பேச முடியாது, இரண்டு பக்கமும் கேட்காது. அதனால் நாங்கள் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அழைப்பு எடுத்துக் கொடுக்கிறோம். போன கிழமை குருநாகல் மாமா திரையில் தெரிந்ததும் வணக்கமும் இல்லை, மச்சானும் இல்லை, கையை நீட்டி உள்ளே விட்டு எடுத்தார். அப்பாவும் எடுத்தார். அடுத்தது தை மாதம் நீர்கொழும்பில், அன்ரி வீட்டில். மாமாவுக்கு முழங்கால் வலி, அதனால் ஏறும் படி தாழ்வாக இருக்கிற வான் ஒன்று பார்க்கவேண்டும்.